மலை இறங்கினால் கடல்

சனிக்கிழமை காலையில் நீலகிரிக்கு ஏறும் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்லியாறு வழியானாலும் கோத்தகிரி வழியானாலும் கூடலூர் வழியானாலும் ஏறுகிற பக்கம் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். இறங்குகிற பக்கம் காலியாகக் கிடக்கும். இந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாமல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதுவும் போதாமல், 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு கட்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி ஏழே முக்கால் லட்சம் பேர்கூட இல்லாத மாவட்டம் இது. ஊரார் வாரக் கடைசி முழுவதையும் இந்தச் சிறிய மலைதான் சுமக்கிறது.

சுமப்பவர்களுக்கும் ஒரு வாரக் கடைசி உண்டே, அவர்கள் எங்கே போகிறார்கள்? விருந்தினர் விட்டுப்போன படுக்கை விரிப்பை மாற்றுகிறவர், கேத்தி பள்ளத்தாக்கில் விடிகாலையில் கேரட் பிடுங்கி மூட்டை கட்டுகிறவர், தேயிலை பறிக்கிற அக்கா, டாக்ஸி ஓட்டுகிற தம்பி, உறைவிடப் பள்ளிகளின் சமையல்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இட்லி அவிக்கிறவர்கள். மலை என்றாலே வந்து இளைப்பாறும் இடம் என்று எழுதியே பழகிய பயணக் கட்டுரைகள் இவர்களைக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது. லவ்டேலில் இருந்து புறப்பட்டு, இரண்டு நாளில் வெயிலும் கடலும் பார்த்துத் திரும்பும் பயணம் இது.

லவ்டேல் ஊட்டிக்குப் பக்கத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிற்றூர். மலை ரயிலில் மேலே வருகிறவர்கள் கேத்தியைத் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே ஒரு குட்டி ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். 1899-ல் குன்னூர் வரை வந்த பாதை 1908-ல் ஊட்டிக்கு நீண்டபோது இந்தப் பக்கமும் ரயிலைக் கண்டது. 46 கிலோமீட்டரில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் அந்தப் பாதையில், உச்சியை நெருங்கும் இடம் லவ்டேல். 1857-ல் லக்னோவில் இறந்த ஹென்றி லாரன்ஸின் நினைவாக 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளிதான் ஊரின் பெரிய அடையாளம். ராபர்ட் சிஸம் வடிவமைத்த மணிக்கூண்டுக் கட்டடம் தூரத்திலிருந்தே தெரியும்.

இங்கே டிசம்பர் பிறந்துவிட்டால் குளிர் எலும்பில் ஏறும். தை மாதம் வரை விடிகாலையில் புல்வெளியெல்லாம் உறைபனி. வெயில் விழுகிற சுவரோரம் தேடிப்போய் நின்று கம்பளியைத் தளர்த்துவதுதான் ஊர்க்காரர்களுக்குக் காலை வேலை. வெயிலின் அருமை மலைக்காரர்களுக்குத் தெரிந்த அளவு சென்னைக்காரர்களுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் கோழிக்கோட்டில் பகல் வெப்பம் முப்பது, முப்பத்திரண்டு டிகிரி. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

எத்தனையோ கடற்கரை இருக்க ஏன் கோழிக்கோடு? சென்னைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் போக ஓர் இரவு, வர ஓர் இரவு ரயிலுக்கே போய்விடும். ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் நான்கு நாள் லீவு கிடைத்தால் பார்க்கலாம். புதுச்சேரி அழகான ஊர்தான், ஆனால் தமிழ்நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. கோழிக்கோடு லவ்டேலில் இருந்து சுமார் 160 கிலோமீட்டர். பைக்காரா, நடுவட்டம், கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் என்று இறங்கினால், காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரையில் இருக்கலாம். ஊட்டியிலிருந்து கேரள அரசுப் பேருந்தும் போகிறது. ரயில்தான் வேண்டும் என்பவர்கள் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய் என்று மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு அது கட்டாது.

நீர் திரும்பும் இடம்

இந்த வழியில் ஒரு விசேஷம் இருக்கிறது, ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் கவனிக்க வேண்டியது. லவ்டேலிலும் கேத்தியிலும் பெய்கிற மழை காட்டேரி ஓடையாகி, பவானியில் சேர்ந்து, காவிரியாகி, பூம்புகாரில் வங்கக் கடலைத் தொடுகிறது. பைக்காரா தண்ணீரும் மாயாற்றின் வழியாகப் பவானிக்கே போகிறது. நடுவட்டம் தாண்டிக் கூடலூர் பக்கம் இறங்கும்போது கதை மாறுகிறது. பாண்டியாறும் புன்னப்புழையும் மேற்கே திரும்பி, நிலம்பூர் காட்டுக்குள் விழுந்து, சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போகின்றன. அதாவது நீங்கள் போகப்போகும் கடல் கூடலூர் மழைக்கு ஏற்கெனவே பழக்கமான கடல். பேருந்து அந்தத் தண்ணீர் போகும் திசையிலேயேதான் உங்களை அழைத்துப் போகிறது.

மனிதர்களும் இந்தத் திசையில் போய் வந்தவர்கள்தான். நீலகிரியைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு கோழிக்கோட்டிலிருந்து ஏறி வந்த ஒருவருடையது. ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பு, 1603-ல், ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையில் தொலைந்துபோன கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார். அவர் கண்டது தோடர்களையும் படகர்களையும். தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியும் நூல்கண்டும் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1830 முதல் 1843 வரை நீலகிரியின் பெரும்பகுதி மலபார் மாவட்டத்தின் கீழ்தான் இருந்தது. கோழிக்கோட்டுக் கலெக்டர்தான் ஊட்டிக்கும் கலெக்டர். மலபாரோடு இருந்த கூடலூர்ப் பகுதி நீலகிரிக்கு வந்தது 1877-ல். கூடலூர் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதை இன்றும் கேட்கலாம்.

கூடலூரில் இறங்கி ஒரு டீ குடிக்க நேரம் இருந்தால் குடியுங்கள். இந்த ஊருக்குக் கடலோடு இன்னொரு உறவும் உண்டு, அது உல்லாச உறவு இல்லை. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியவைதான் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள். அந்தக் கப்பலிலிருந்து அவர்கள் பார்த்த கடல், பிறந்த ஊரைப் பின்னால் விட்டுவிட்டு வந்த கடல். அவர்களுடைய பேரன் பேத்திகளில் கடலையே கண்ணால் பார்க்காதவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கடல் இருந்தும் அவர்கள் பார்க்கவில்லை. இதை எழுதத் தூண்டியது அதுதான்.

நாடுகாணியில் எல்லையைத் தாண்டியதும் மலைப்பாதை செங்குத்தாக இறங்கும். காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். மேலே மூடி வைத்த காலி பாட்டில் ஒன்று பையில் இருந்தால், நிலம்பூர் வருவதற்குள் யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கியிருக்கும். லவ்டேல் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதனால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும், குக்கர் இல்லாமல் வீடு நடக்காது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சராசரியாக ஆறரை டிகிரி சூடு கூடும். குழந்தைகளுக்கு இதையெல்லாம் பாட்டிலைக் காட்டியே சொல்லலாம். ஸ்வெட்டர் நிலம்பூரில் இடுப்புக்கு வந்துவிடும்.

நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கொனோலி, சாத்து மேனோன் என்பவரைக் கொண்டு நட்ட தேக்குகள் இன்றும் நிற்கின்றன. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்றுதான் நட்டார்கள். இங்கிருந்து வெட்டிய மரங்கள் சாலியாற்றில் மிதந்து பேப்பூருக்கும் கோழிக்கோட்டின் கல்லாய் மரச்சந்தைக்கும் போயின. போகும்போது நிற்க வேண்டாம், கடல்தான் முக்கியம்.

சனிக்கிழமை மாலை

கோழிக்கோட்டில் தங்க நிறைய விடுதிகள் இருக்கின்றன. ஒரே ஒரு யோசனை: கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். இரண்டு நாள் பயணத்தைக் கெடுப்பது ஊர் ஊராகக் காரில் சுற்றுவதுதான். ஒன்பது இடம் பார்த்துவிட்டுக் களைத்துத் திரும்பும் சுற்றுலாக்காரர்களை நாம்தான் வாரந்தோறும் ஊட்டியில் பார்க்கிறோமே. அந்தப் பாடத்தை நாம் கீழே போய்த் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. வாஸ்கோ ட காமா 1498-ல் வந்திறங்கியதாக நினைவுக்கல் நிற்கும் காப்பாடு வடக்கே இருக்கிறது. கல்லைப் பார்க்க மட்டும் என்றால் விட்டுவிடலாம். அவர் வருவதற்கு முன்பே அரபு, சீன வணிகர்களால் இந்த ஊர் பெரிய ஊர்.

நாலரை மணிக்கு மணலுக்குப் போய்விடுங்கள். மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள்ளேயே இறங்கும். மெரினாவில் இது கிடைக்காது. டிசம்பர், ஜனவரியில் ஆறு மணிக்கு மேல் அது முடிந்துவிடும். மலையில் சூரியன் எப்போதும் ஏதோ ஒரு முகட்டுக்குப் பின்னால் மறையும், வெளிச்சம் நாலு மணிக்கே பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடும். ஒரு தடையும் இல்லாமல் அடிவானம் வரை பார்வை ஓடுவது மலையில் பிறந்த கண்ணுக்குப் புதிது. அங்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கால்கள், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கடல்பாலத்தின் மிச்சம். மிளகும் மரமும் ஏற்றிய துறைமுகம் இது.

கரையோரத் தள்ளுவண்டிகளில் கண்ணாடி ஜாடிகளைப் பார்ப்பீர்கள். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, கேரட் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் அதற்கு உப்பிலிட்டது என்று பெயர். கேத்தியில் விளைந்த கேரட்டாகவும் இருக்கலாம், வாங்கிச் சாப்பிடுங்கள். ஐஸைச் சீவி அதன்மேல் இனிப்பும் காரமும் சேர்க்கும் ஐஸ் ஒரதி இருக்கிறது. ஓட்டோடு அரிசிமாவு அடைத்து அவித்துப் பொரித்த கல்லும்மக்காய் இருக்கிறது. பிரியாணிக்கு இங்கே கைமா அரிசிதான், நம் பக்கத்து மசாலாவின் காரம் இதில் கிடையாது. 1939 முதல் நடக்கும் பாரகன் உணவகத்தில் வரிசையில் நிற்கப் பொறுமை உண்டென்றால் போகலாம். இல்லாவிட்டாலும் குற்றமில்லை, இந்த ஊரில் சின்னக் கடையிலும் சாப்பாடு நன்றாகவே இருக்கும். முடிவில் பால் சேர்க்காத எலுமிச்சை போட்ட சுலைமானி ஒரு கிளாஸ். தேயிலைக்காரர்களான நமக்கு அது முதலில் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். இரண்டாவது கிளாஸில் பழகிவிடும்.

இரவு மிட்டாய்த்தெருவுக்கு நடந்து போங்கள். வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்று ஒழுங்கு செய்த தெரு. வாசலில் எஸ்.கே.பொற்றெக்காட்டின் சிலை நிற்கிறது. இந்தத் தெருவின் மனிதர்களை வைத்துத்தான் அவர் ‘ஒரு தெருவின் கதை’யை எழுதினார், பின்னால் 1980-ல் ஞானபீடமும் பெற்றார். ஒரு நகரம் தன் எழுத்தாளனைக் கடைத்தெருவின் முகப்பில் நிறுத்தியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2023-ல் யுனெஸ்கோ கோழிக்கோட்டை இலக்கிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் கிடைத்த முதல் நகரம் இதுதான். தேங்காய் எண்ணெயில் போட்ட நேந்திரங்காய் வறுவலும் விதவிதமான நிறத்தில் அல்வாவும் அடுக்கிவைத்த கடைகள் இருபுறமும். ஊருக்கு வாங்குவதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

ஆட்டோக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மீட்டர் போட்டு, மீதியைச் சரியாகக் கையில் கொடுக்கிறவர்கள் என்று கோழிக்கோட்டு ஆட்டோக்காரர்களுக்குக் கேரளம் முழுக்க நல்ல பெயர். சுற்றுலாவை நம்பி வாழும் எந்த ஊரும், நம் ஊர் உட்பட, அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அலையோடு விளையாட்டு வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மலைப் பிள்ளைகளுக்கு நீச்சல் பெரும்பாலும் தெரியாது. எங்கே கற்றுக்கொள்வது? ஊட்டி ஏரியில் படகுதான் ஓட்டலாம், ஓடைத் தண்ணீரில் காலை வைத்தாலே விறைக்கும். கடல் அவர்களுக்குப் புதிது என்பதால் பயமும் குறைவு. கரையில் மோதிய அலை திரும்பிப் போகும்போது ஓரிடத்தில் ஒன்றாகக் கூடி, ஆறுபோல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மேலே பார்க்க அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், அலை குறைவாக இருக்கும். பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். இழுப்பில் மாட்டிக்கொண்டவர்கள் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும் என்பார்கள். நீச்சலே தெரியாதவருக்கு அதுவும் பயன்படாது. கோழிக்கோட்டு நகரக் கடற்கரையில் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் குளித்தே தீர வேண்டும் என்றால் மட்டும் காப்பாடு போகலாம். 2020-ல் நீலக்கொடித் தரச்சான்று பெற்ற கடற்கரை, உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற நேரத்தில் மட்டும்.

மழைக்காலத்தில் இந்தப் பயணமே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் கோழிக்கோட்டை அடித்துப் பெய்யும். மலைப்பாதையிலும் மண் சரியும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, அடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் உடல்களை நிலம்பூர்க்காரர்கள் சாலியாற்றிலிருந்துதான் எடுத்தார்கள். அந்த ஆற்றைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை

ஏழு மணிக்குள் குற்றிச்சிறை போய்விடுங்கள். குளக்கரையில் மிஷ்கால் பள்ளிவாசல் நிற்கிறது. ஏமன் நாட்டுக் கப்பல் வணிகர் ஒருவர் பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. குவிமாடம் இல்லை, மினார் இல்லை. அடுக்கடுக்காக ஓடு வேய்ந்த மரக்கட்டடம், கேரளக் கோயிலைப் பார்ப்பதுபோலவே இருக்கும். 1510-ல் போர்ச்சுக்கீசியர் இதற்குத் தீ வைத்தார்கள். 1571-ல் கோழிக்கோட்டு அரசர் சாமூதிரி சாலியத்தில் இருந்த போர்ச்சுக்கீசியக் கோட்டையைப் பிடித்து இடித்தபோது, அங்கிருந்த மரத்தை இந்தப் பள்ளிவாசலைச் செப்பனிடக் கொடுத்தார். ஓர் இந்து அரசர் எதிரியின் கோட்டையைப் பிரித்து மசூதிக்கு மரம் தந்த இடம் இது. கோழிக்கோட்டில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து தெற்கே பேப்பூர். சாலியாறு கடலில் சேரும் முகத்துவாரம். கருங்கல்லைக் கொட்டி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் கட்டியிருக்கிற புலிமுட்டு மேல் நடந்தால், படகு ஏறாமலேயே இரு பக்கமும் கடல். கூடலூரில் புறப்பட்ட தண்ணீர் காலடியில் வந்து சேர்கிறது. இந்த ஊர்த் தச்சர்கள்தான் உரு எனும் பெரிய மரக்கப்பல்களைக் கட்டுகிறார்கள். வரைபடத்தைக் காகிதத்தில் போடாமல் மூத்த மேஸ்திரியின் மனக்கணக்கிலேயே கட்டி, வளைகுடா நாடுகளுக்கு அனுப்பினார்கள். வேலை நடக்கும் பட்டறை ஒன்று திறந்திருந்தால் அனுமதி கேட்டுப் பாருங்கள். தமிழில் இத்தனை பேர் விரும்பிப் படிக்கும் வைக்கம் முகம்மது பஷீர் கடைசிக் காலம்வரை வாழ்ந்ததும் இதே பேப்பூரில்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். நாடுகாணியிலும் கூடலூருக்கு மேலேயும் இருட்டிய பிறகு யானை நடமாட்டம் உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே நடுவட்டம் தாண்டுவது நல்லது. உங்கள் எதிரே சுற்றுலா வண்டிகள் சாரை சாரையாக இறங்கும், உங்கள் பக்கம் சாலை காலியாக இருக்கும். டிஎன் 43 பதிவு வண்டிக்கு இ-பாஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் மட்டும் கவனம்: இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீலகிரியில் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் உள்ளூர்க்காரர் என்று விடமாட்டார்கள், விடவும் கூடாது. அல்வாவைக் காகிதத்தில் கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள்.

விடுதி நடத்துகிறவர்களிடமும் எஸ்டேட் நிர்வாகங்களிடமும் பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே சீசனில் உங்கள் ஆட்கள் ஒருநாள் ஓய்வில்லாமல் உழைக்கிறார்கள். சீசன் இல்லாத ஜனவரி, பிப்ரவரியில் அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கொடுங்கள். முடிந்தால் ஒரு பேருந்தும் பேசிக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள், சங்கத்தார், மகளிர் குழுக்கள் யாராவது முன்னால் நின்றால் நாற்பது, ஐம்பது பேராகச் சேர்ந்து போய்வரலாம். தலைக்கு ஆகும் செலவு சிறியதுதான். பொங்கல் கழிந்ததும் ஒரு சனிக்கிழமையைக் குறித்து வையுங்கள், கடல் பார்க்காத பிள்ளைகளை முதல் பெயராக எழுதுங்கள்.